நஞ்சையை நஞ்சையாகவே எழுதி வைக்க ஒரு சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசன வயல்கள் மனைகளாகி வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது என் சொந்த ஊர். இப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர் கவுன்டியில் வழக்கறிஞராக இருக்கிறேன். விளைநிலத்தில் யாரும் பிளாட் போட முடியாதபடி பத்திரம் எழுதுவதுதான் என் வேலை.

கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று அதற்குப் பெயர். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கூறுபோட்டு வீடு கட்டும் உரிமையை மட்டும் அரசுக்கோ ஓர் அறக்கட்டளைக்கோ கொடுத்துவிடுகிறார். பிறகு நிலம் எத்தனை கை மாறினாலும் அந்தத் தடை கூடவே வரும். 1988-ல் வந்த சட்டப்படி மாநில அரசு இந்த உரிமையை விலை கொடுத்தே வாங்குகிறது. லான்காஸ்டரில் மட்டும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

போன மாதம் ஒரு பால் பண்ணைக்காரரோடு நாள் முழுக்க அவர் நிலத்தைச் சுற்றினேன். ஊற்று, தொழுவம், மூலைக்கல் எல்லாவற்றையும் படம் எடுத்து ஆவணத்தில் சேர்க்க வேண்டும். ஐம்பது வருஷம் கழித்து வழக்கு வந்தால் அதுதான் சாட்சி. "என் மகள் மாடு வளர்க்காவிட்டால்?" என்று கேட்டார். "தாராளமாக விற்கலாம், வாங்குபவரும் மனை போட முடியாது" என்றேன். ஊற்றங்கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கடன் கொடுத்த வங்கியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும்போது இந்தத் தடையும் போய்விடும். அந்த ஒரு கையெழுத்துக்காக நான்கு மாதம் அலைந்ததும் உண்டு.

மேலூரில் என் பெரியப்பா தன் மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட் பத்திரத்தில், "நஞ்சையாகவே அனுபவித்து வர வேண்டியது" என்று ஒரு வரி சேர்த்தார். அவர் காலமான மூன்றாம் வருஷம் அங்கே மனைக்கல் நட்டுவிட்டார்கள். அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. முழு உரிமையோடு நிலத்தைக் கொடுத்துவிட்டு, இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் செல்லாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-வது பிரிவு. 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டமும் கைகொடுக்காது. வழிப்பாத்தியம், நீர்ப்பாத்தியம் போல, பலன் அடைய இன்னொரு நிலம் இருந்தால்தான் அதில் உரிமை பிறக்கும். நிலமில்லாத அறக்கட்டளைக்கு அதில் இடமே இல்லை.

சட்டத்தில் உள்ள இந்தக் குறையைத்தான் சட்டமன்றம் திருத்த வேண்டும். விருப்பப்பட்டு முன்வரும் உரிமையாளர் தன் நிலத்தின் மேல் இப்படியொரு தடையைப் பதிவு செய்துகொள்ளட்டும். முத்திரைத் தீர்வையைத் தள்ளுபடி செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் அது தெரிய வேண்டும். வருஷம் ஒருமுறை யாராவது போய் நிலத்தைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும்; அதைச் செய்யாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம்தான்.

அம்மா பெயரில் கால்வாய் ஓரமாக இன்னும் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சட்டம் வந்தால் அதைப் பதிவு செய்ய அம்மா சம்மதித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
மேலூர் வாசகி, லான்காஸ்டர்