ஆயிரமாண்டுப் பகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அரபு–இஸ்ரேல் மோதலை ‘ஆயிரமாண்டு மதப்பகை’ என்று உங்கள் தலையங்கம் சொன்னது மனதை உறுத்தியது. இதற்கு வயது நூறு சொச்சம்தான். 1917 நவம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் ஒரு சிறு கடிதத்தில் யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ‘தேசிய இல்லம்’ அமைய ஆதரவு தந்தார். அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களின் பெயர்கூட அதில் இல்லை. ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்றதோடு சரி.

1948இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பலர். அந்த இரும்புச் சாவிகளைப் பேரப்பிள்ளைகள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அப்புறம், 1950–51இல் இஸ்ரேலுக்கு விமானம் ஏறிய ஈராக் யூதர்களையும் மறக்கக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். தலைமுறை தலைமுறையாக அரபு பேசி பாக்தாத்தில் வாழ்ந்தவர்கள். குடியுரிமை போனது, சொத்து முடக்கப்பட்டது.

பழம்பகை என்று எழுதிவிட்டால் முடிவெடுத்தவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். 1979இல் எகிப்தும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், 1982இல் இஸ்ரேல் படை எகிப்தின் சினாய் தீபகற்பத்தை விட்டு வெளியேறியதும்கூட மனிதர்கள் எடுத்த முடிவுதானே? அடுத்த முறை ஆண்டுகளையும் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்