பொட்காஸ்ட் செய்யும் பிள்ளைகளுக்கு, காது மந்தமான ஒருவரின் மகன் எழுதுவது

தம்பி தங்கைகளே,

மட்டக்களப்பில் இருந்து நீங்கள் செய்யும் பொட்காஸ்டை முதல் பகுதியில் இருந்தே கேட்டு வருகிறேன். வட்டை, வாடி, போடியார் என்று நம் சொற்களைக் கூச்சமில்லாமல் பேசுகிறீர்கள். அது பிடித்துப்போய்த்தான் அப்பாவுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

அப்பா வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவர். இளவயதில் வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். இப்போது வயது 74, இரண்டு காதும் மந்தம். கூத்தைப் பற்றிய உங்கள் பகுதி 40 நிமிடம்; அதை நாங்கள் கேட்டு முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பேசப் பேசப் பின்னால் மத்தளமும் சல்லாரித் தாளமும் ஓயவே இல்லை. அப்பா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்னவாம் மனே?" என்பார். நான் நிறுத்தி, காதுக்குள் உரக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஓட விடுவேன். ஓரிடத்தில் அண்ணாவியார் "ஆட்டம் இப்பிடி வரும்" என்கிறார். அப்புறம் காலடிச் சத்தம் மட்டும்தான். அது என்ன ஆட்டம் என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. உங்களில் ஒருவர் "வலது காலைத் தூக்கி வைக்கிறார்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், கண் தெரியாதவருக்கும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகிறவருக்கும் சேர்த்தே விளங்கியிருக்கும்.

அடுத்த நாள் முதல் பத்து நிமிடத்தை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். வாசித்த கையோடு, அண்ணாவியார் சொன்ன ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, பிழை என்று என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். அவர் இப்படி ஒரு விசயத்துக்குச் சண்டை பிடித்துப் பல வருசம் இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு பகுதியோடும் பேச்சை எழுத்தாகவும் போடுங்கள். யார் பேசுகிறார் என்ற பெயரோடு போடுங்கள். இது ஏதோ என் வீட்டு ஆசை இல்லை. இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டியில், பதிவு செய்த ஒலிக்கு எழுத்து வடிவம் வேண்டும் என்பது ஆகக் குறைந்த 'ஏ' நிலையிலேயே இருக்கிறது.

இதைக் கணினி தானாகச் செய்து தரும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அப்பிள் 2024-இல் பொட்காஸ்டுகளுக்கு எழுத்து வடிவம் தரத் தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் நான்குதான் இருந்தன. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் தமிழை எடுக்கும், சரி. ஆனால் நான் போட்டுப் பார்த்தபோது 'பிறகு' என்பதற்கு நாம் சொல்லும் 'மறுகா' எல்லாம் 'மருகா' ஆகி, ஒரு விவசாயி உர மானியம் பற்றிப் பேசுகிற இடத்தில் முருகன் வந்து நின்றான்! முதல் வரைவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் கேட்டுத் திருத்தத்தான் வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் போடாதீர்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா; கணினிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பார்வையற்றவரின் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும். யூனிகோடில் இருந்தால் தமிழாகவே வாசிக்கும். எழுத்தைப் படமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவர்களுக்கு உதவாது.

ஒலியிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஒருவர் குரல் இடப்பக்கமும் மற்றவர் குரல் வலப்பக்கமும் வருகிற மாதிரிச் செய்கிறீர்கள். ஒரு காது மட்டும் கேட்பவருக்குப் பாதி உரையாடல் போய்விடும். இரண்டு பேர் பேச்சுக்கு, இரு பக்கமும் ஒரே ஒலி வருகிற மோனோ தாராளம். வினாடிக்கு 128 கிலோபிட்டில் 38 எம்பி வருகிற 40 நிமிடம், மோனோவில் 64 கிலோபிட் என்றால் 19 எம்பிதான். ரீலோட் போட்டுக் கேட்கிற பிள்ளைகளுக்கும் அது மிச்சம். பேச்சு நடக்கும்போது பின்னால் வரும் மத்தளச் சத்தத்தையும் குறைத்து விடுங்கள். அப்பா மத்தளக்காரர் என்பதால் அதை அவருக்குச் சொல்லவில்லை.

கூத்துப் பகுதியை நான் முழுவதும் எழுதி முடித்துவிட்டேன், கொப்பியில் 31 பக்கம். இந்தக் கிழமைக்குள் யூனிகோடில் அடித்து அனுப்புகிறேன். அந்தத் தரு விசயத்தில் அப்பாவின் திருத்தத்தை ஓரத்தில் குறித்திருக்கிறேன். அதைப் போடுவதா விடுவதா என்று அண்ணாவியாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்