எட்டுக் குழந்தைகள் வேண்டாம், அக்கா

மில்டன் கீன்ஸ்,
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் நம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. அடுத்த வரியில் "எட்டுப் பேர்" என்று பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அதனால் இந்தத் தடவை பாப்பாவை நான் விட்டு வரும் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே இங்கிலாந்தில் அப்படிப் பார்த்துக்கொள்பவரை சைல்டு மைண்டர் என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாள் இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும். காலை எட்டு மணிக்குப் பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடிப்பேன். முதல் வாரம் முழுக்க பஸ்ஸில் அழுதுகொண்டேதான் போனேன். "பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவளிடமா விடுகிறாய்?" என்று அம்மா போனில் கேட்டது காதை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். முந்தின இரவு பாப்பா கட்டில் காலில் இடித்துக்கொண்டு நெற்றி லேசாகப் புடைத்திருந்தது. அந்த அம்மாள் வாசலிலேயே குனிந்து பார்த்தார். எப்படி, எத்தனை மணிக்கு, அழுதாளா என்று கேட்டு ஒரு தாளில் எழுதினார். தலைப் படம் ஒன்றில் இடத்தைக் குறித்து, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, நானே பிள்ளையை அடித்தேன் என்று நினைக்கிறாரோ என்று முகம் சிவந்துவிட்டது. மாலையில் அவரே இன்னொரு தாளை நீட்டினார். தோட்டத்தில் விழுந்து முழங்கை சிராய்த்தது, 10.40 மணி, ஈரத்துணியால் துடைத்தது, எல்லாம் அதில் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. பேசத் தெரியாத பிள்ளைக்காக அந்தத் தாள் பேசுகிறது. அன்றோடு என் அழுகை நின்றது.

இதெல்லாம் அவருடைய நல்ல குணத்தால் மட்டும் நடப்பதில்லை. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தன் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம். பாட்டி, சித்தி, மாமா பார்த்துக்கொண்டால் பதிவு வேண்டாம். 2001 வரை உள்ளூராட்சி மன்றங்கள் கவனித்த வேலை இது. பிறகு ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பின் கைக்கு வந்தது. வீட்டை வந்து பார்க்கிறார்கள், அறிக்கையை வெளியிடுகிறார்கள். அந்த அம்மாளைப் பற்றிய அறிக்கையை நான் இரண்டு முறை படித்த பிறகுதான் போய்க் கதவைத் தட்டினேன்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒருவர் தனியாகப் பார்த்தால், எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர்தான். அதிலும் ஐந்து வயதுக்குக் கீழே மூன்று, ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை பொதுவாக ஒன்று. நீயே யோசித்துப் பார்: ஒன்றுக்குப் பால் புகட்டும்போது, இன்னொன்று பின்கட்டுக்கு ஓடினால் உனக்கு எத்தனை கை?

குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி பன்னிரண்டு மணி நேரம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும்போது கண்ணும் காதும் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும். அந்த அம்மாள் திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்துதான் தட்டில் வைப்பார். முழுதாக இருந்தால் தொண்டையை அடைத்துவிடும். அடிப்பது கூடாது, அடிப்பேன் என்று மிரட்டுவதும் கூடாது. வீட்டில் பதினாறும் அதற்கு மேலும் வயதான எல்லோருடைய குற்றப் பின்னணியும் பார்க்கப்படும். அவருடைய மகனுக்குச் சென்ற மாதம் பதினாறு ஆனது. தான் வளர்த்த பிள்ளைக்கும் அவர் முணுமுணுக்காமல் படிவம் நிரப்பினார்.

சட்டம் எப்போதும் அளவோடு நின்றது என்று சொல்லமாட்டேன். 2009இல் எங்கள் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்திலேயே, காவல்துறையில் வேலை செய்த இரண்டு தோழிகள் முறைவைத்து ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டதற்குப் பதிவு வேண்டும் என்று ஆஃப்ஸ்டெட் சொல்லிவிட்டது. ஊரே கொதித்தது, அரசாங்கம் இறங்கி வந்தது. எழுத்து வேலை தாளாமல் தொழிலை விட்டவர்களும் உண்டு. 2012இல் இருந்த சைல்டு மைண்டர்களில் இன்று பாதிப் பேர்கூட இல்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் விதியே இல்லாமல் இருப்பதை நான் ஒப்பமாட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். சமையல்கட்டுத் தீ கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. அன்று நீ வாசற்படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் கேட்கிறேன்: முதலில் மூன்று பிள்ளைகளோடு தொடங்கு. மேலே வேண்டுமென்றால் உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள். கேஸ் அடுப்பு இருக்கும் அறைக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடு. ஒரு நோட்டு வாங்கி, யார் எப்போது வந்தது, என்ன சாப்பிட்டது, எங்கே விழுந்தது என்று அன்றன்றைக்கே எழுது. தாய்மாரிடம் கையெழுத்து வாங்கு. அவர்களுக்கு முதலில் என்னைப் போலவே சுருக்கென்றுதான் இருக்கும். பரவாயில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பின்கட்டுக் கிணறு. அதற்கு இரும்புக் கம்பி மூடி போட எவ்வளவு ஆகும் என்று அத்தானிடம் விசாரித்து எழுது. இந்த மாதச் சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுகிறேன். மூடி போடும் வரை ஒரு குழந்தையையும் உள்ளே விடாதே.

அம்மாவிடம் பாப்பா நலம் என்று சொல்.

உன் அன்புத் தங்கை