கரைப்பதற்கு அங்கே கட்டி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் மகளிர் பக்கத்தில் நீர்க்கட்டியைக் கரைக்கும் உணவுகள் என்று வந்த கட்டுரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கழற்சிக்காய், வெந்தயம், கொள்ளு என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள், வெந்தயமும் கொள்ளும் சமையலில் சேர்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மூன்று மாதம் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்று எழுதியதை அப்படியே விட முடியவில்லை, ஏனென்றால் நாம் நீர்க்கட்டி என்று சொல்கிற பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிற பெண்ணின் சினைப்பையில் கரைப்பதற்குக் கட்டியே கிடையாது. ஸ்கேனில் கறுப்புக் கறுப்பாகத் தெரிகிறதே, அவை ஒவ்வொன்றும் ஒரு முட்டையை வைத்திருக்கும் சின்னப் பை, ரிப்போர்ட்டில் ஃபாலிக்கிள் என்று போட்டிருப்பார்கள். வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்ட பைகள் அவை.

ஏன் நின்றன என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். சாதாரணமாக மாதாமாதம் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சில பைகளைத் தூண்டும், அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும், மற்றவை சுருங்கிப்போகும். பிசிஓஎஸ்ஸில் பெரும்பாலும் எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் தூக்கலாக இருக்கிறது, அது பையின் வெளிச்சுவரில் உள்ள செல்களை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி இருந்தால் அதுவும் இதற்குத் துணைபோகிறது, போதாததற்கு ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் குறைத்துவிடுகிறது. முகத்தில் முடி, அடங்காத பரு எல்லாம் இதனால்தான். இந்தச் சின்னப் பைகள் எல்லாம் சேர்ந்து ஏ.எம்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, அது எஃப்.எஸ்.எச்.சின் பேச்சை எடுபடாமல் செய்கிறது, அதனால் எந்தப் பையும் முந்த முடியாமல் 2 முதல் 9 மில்லிமீட்டரிலேயே தேங்கி நிற்கின்றன. சரிசெய்ய வேண்டியது இந்தச் சுழற்சியை.

வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆன பிள்ளைக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வருவது இயல்பு. ஆனால் எங்கள் பக்கம் தாய்மார் பயந்துபோய் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ கூட்டிக்கொண்டு ஓடி ஸ்கேன் எடுத்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். வயதுக்கு வந்து 8 வருடத்துக்குள் ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2018லும் 2023லும் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன, அந்த வயதில் நிறையப் பைகள் தெரிவது சகஜம். பெரியவர்களுக்கும் ஸ்கேன் மட்டும் போதாது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் நிறையப் பைகள் அல்லது ரத்தத்தில் ஏ.எம்.எச். மிகுதி, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும், முக்கியமாகத் தைராய்டு.

அப்புறம், உடம்பு போட்டவர்களுக்குத்தான் வரும் என்ற எண்ணம். மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற குடும்பங்களில் ஒல்லியாக இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும், நாலு மாதம் ஐந்து மாதம் தீட்டு வராது, உழைக்கிற உடம்புக்கு என்ன வந்துவிடும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஒல்லியான உடம்பிலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும். கருப்பை உள்சுவர் உதிராமல் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. அதனால் 90 நாளைக்கு மேல் தள்ளிப்போனால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும், குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். உங்கள் கட்டுரையில் சர்க்கரை என்ற பேச்சே இல்லை!

கல்யாணப் பேச்சு வரும்போது நடப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. நன்றாகப் படித்த பிள்ளைகளைக்கூட இதற்குப் பிள்ளை பிறக்காது என்று சொந்தக்காரர்களே தள்ளி வைக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் தாயாகிறார்கள், பலர் மருந்தே இல்லாமல். முட்டை வெளியாகவில்லை என்றால் லெட்ரோசோல் என்ற மாத்திரையைத்தான் முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள், எடை கூடுதலாக இருந்தால் அதில் கொஞ்சம் குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு சீராகிவிடுகிறது.

அடுத்த இதழிலேயே ஒரு மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ எழுதச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அவள் அம்மாவும் சேர்ந்து படிக்கிற மாதிரி, படத்தோடு, எந்தப் பரிசோதனை யாருக்கு எப்போது தேவை என்பதோடு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.