வேலுச்சாமிக்கு, அப்துல் நாசர் மதனி விஷயமாக

கோவை,
25 மே 2023

அன்புள்ள வேலுச்சாமி,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பேத்தி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எந்தக் காலேஜ் என்று முடிவானதும் எழுது. இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. மாத்திரை போதாதென்று டாக்டர் இன்சுலினுக்கு மாற்றிவிட்டார்.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாயே, "அந்த மதனிக்காக நீ ஏன்டா கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரியற?" என்று. கேரளத்து மௌலவி அப்துல் நாசர் மதனிக்காக நாங்கள் கர்நாடக முதல்வருக்கு எழுதும் மனுவைத்தான் சொல்கிறாய். போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

உன் கோபம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். 1998 பிப்ரவரி 14 சாயங்காலம் உன் சித்தப்பா மகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்ததை நானும்தான் பார்த்தேன். அந்தக் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. அதற்கு முந்தைய நவம்பரில் ஒரு காவலர் கொலையும், அதையொட்டி 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான். தொண்ணூறுகளில் மதனி மேடையில் பேசிய பேச்சு எனக்கும் பிடித்ததில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பிடிக்காது.

அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று பார். 1992-லேயே அவர் மீது குண்டு வீசி வலது காலை எடுத்துவிட்டார்கள். 1998 மார்ச் கடைசியில் கேரளத்தில் கைது, பிறகு குண்டுவெடிப்பு வழக்கில் நம் ஊர் ஜெயில். போன கோர்ட்டில் எல்லாம் ஜாமீன் தள்ளுபடி. 2006 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து, மனிதாபிமானத்தோடு விடச் சொல்லித் தீர்மானமே போட்டது. அதற்கும் அசையவில்லை. 2007 ஆகஸ்ட் 1-ல் தனி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒன்பது வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்துவிட்டு, "நீ போகலாம்". அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஒரு ரூபாய் இழப்பீடும் இல்லை.

மூன்று வருஷம்தான் வெளியே இருந்தார். 2010 ஆகஸ்டில், 2008 பெங்களூரு குண்டுவெடிப்பு வழக்கென்று கர்நாடக போலீஸ் பிடித்துப் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் போட்டது. அந்த வழக்கில் அவர் குற்றவாளியா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. கோர்ட் சொல்லட்டும். ஆனால் சொல்ல வேண்டுமே! 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது நாலு மாசத்தில் விசாரணை முடியும் என்றார்கள். இது 2023.

இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. ஜெயிலில் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கே ராச்சாப்பாட்டைக் கொடுத்து ஆறு மணிக்கு லாக்கப் பூட்டிவிடுவார்கள். விடியும் வரை கதவு திறக்காது. நடுராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி உடம்பு வியர்த்துக் கை நடுங்கினால் நான் எழுந்து போய் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்கிறேன். மதனிக்கும் சர்க்கரைதான், அந்த ஒற்றைக்கால் மனுஷன் உள்ளே என்ன செய்வான்? வார்டரைக் கூப்பிட வேண்டும், அவர் சாவிக்குப் போக வேண்டும். வெளி ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் தேதி வாங்கி வைத்திருப்பார்கள், அன்றைக்குப் பார்த்து வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்பார்கள். தேதி போகும். சர்க்கரையால் கெட்டுக்கொண்டிருக்கும் விழித்திரை அடுத்த தேதி வரை காத்திருக்குமா? மதனியின் பார்வை பாதிக்கு மேல் போனது இப்படிப்பட்ட வருஷங்களில்தான். விசாரணைக் கைதிக்கு எந்த நீதிபதியும் எழுதாத தண்டனை இது.

சட்டம் ஒன்றும் குருடில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 437-வது பிரிவில், நோயாளிக்கும் உடல் நலிந்தவருக்கும் ஜாமீன் தரலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) மாதிரிச் சட்டங்கள் வந்தால் அந்த வாசல் குறுகிவிடுகிறது. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அங்கேயும் ஜாமீன் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் நஜீப் வழக்கில் சொன்னது. சொன்ன அதே வருஷம் ஜூலையில், ஊபா வழக்கில் பிடிபட்ட பாதிரியார் ஸ்டேன் சுவாமி ஜாமீனுக்குக் காத்திருந்தே செத்துப்போனார். திருச்சிப் பக்கத்துக்காரர், 84 வயது, பார்க்கின்சன் நோய். தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. அவருக்காக நீ அழுதாய், எனக்கு நினைவிருக்கிறது. பாதிரியாருக்கு ஒரு நியாயம், மௌலவிக்கு ஒரு நியாயமாடா?

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். மதனியின் அப்பா ஊரில் படுக்கையில் இருக்கிறார். பெங்களூரை விட்டு நகரக் கூடாது என்ற ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தி, ஜூலை வரை கேரளம் போய்வரப் போன மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. உடனே கர்நாடக போலீஸ் வழிக்காவல் செலவு என்று சுமார் 60 லட்சம் கேட்டது. குறைக்கச் சொல்லிப் போன மனுவில் கோர்ட் தலையிடவில்லை. அனுமதி கையில் இருக்கிறது, ஆள் பெங்களூரிலேயே இருக்கிறார்.

இதைக் கட்சி பார்த்துத் திட்டவும் முடியாது. 2017-ல் மகன் கல்யாணத்துக்குப் போக 14 லட்சத்துக்கு மேல் கேட்டது சித்தராமையாவின் காங்கிரஸ் சர்க்கார். போலீஸுக்குச் சம்பளம் அரசு கொடுக்க வேண்டியது, அவர் பயணப்படியும் தினப்படியும் கட்டினால் போதும் என்று அப்போது உச்ச நீதிமன்றம் சொல்லி, தொகை 1.18 லட்சமாக இறங்கியது. இந்த 60 லட்சம் பா.ஜ.க. ஆட்சியில் போட்ட கணக்கு. போன வாரம் மறுபடி சித்தராமையா முதல்வராகியிருக்கிறார். அவருக்குத்தான் நாங்கள் மனு எழுதுகிறோம். அப்பாவைப் பார்க்க விடுங்கள், வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள், 2017 கணக்கையே வையுங்கள். இவ்வளவுதான் கேட்கிறோம். அவரை விடுதலை செய்யுங்கள் என்றுகூட அதில் இல்லை.

மனுவின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவருடைய பழைய பேச்சு எங்களுக்கு ஏற்புடையதில்லை என்று ஒரு வரி சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றால் சேர்த்துக்கொள், மற்றவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். கையெழுத்தே போட மாட்டேன் என்றாலும் சரி, மனுவின் மூன்றாவது பத்தியை மட்டுமாவது பார். கருவூலத்தில் இத்தனை வருஷம் பயணப்படி பில் பாஸ் செய்தவன் நீ. போலீஸ்காரர்கள் பெங்களூரிலிருந்து கொல்லம் போய்த் தங்கித் திரும்ப விதிப்படி தலைக்கு எவ்வளவு வரும் என்று போட்டு அனுப்பு. மனு அடுத்த வெள்ளிக்கிழமை போகிறது.

அன்புடன்,
ராஜு