வேலைய விடச் சொல்ல மாட்டேன், பாப்பா

பாப்பா,

போன்ல பேசினா நம்ம ரெண்டு பேரும் சண்டைல தான் முடிக்கிறோம், அதான் உக்காந்து எழுதறேன். நிதானமா படி, பாதில நிறுத்திட்டு "அம்மா ப்ளீஸ்"னு மெசேஜ் போடாத.

சித்தியும் பெரியப்பாவும் பேசினதெல்லாம் உன் காதுக்கு வந்துருச்சுன்னு தெரியும். 2025 மே 21 ராத்திரி வாஷிங்டன்ல அந்த யூத மியூசியம் வாசல்ல, நிகழ்ச்சி முடிஞ்சு வெளிய வந்த ரெண்டு பேரை, இஸ்ரேல் தூதரகத்துல வேலை பாத்த சின்ன வயசுப் பசங்க, ஒருத்தன் சுட்டுக் கொன்னான் இல்லையா, டிவில கீழ "யூத மியூசியம்"னு எழுத்து ஓடினதுமே எனக்கு கை கால் ஓடல. நீ வேலை பாக்கற யூத மியூசியம் இருக்கறது நியூயார்க்லன்னு நல்லாவே தெரியும், ஆனாலும் போன் போட்டு நீ "ஹலோ"ன்னு சொல்ற வரைக்கும் என் புத்தி என்கிட்ட இல்ல. அன்னிலேர்ந்து வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் ஒரே பாட்டு தான், நம்ம மதமா, நம்ம சண்டையா, அமெரிக்காவுல வேற மியூசியமே கிடைக்கலையா அவளுக்குன்னு. பெரியப்பா பெல்ஜியம் கதையும் எடுத்துட்டு வந்துட்டார், 2014ல பிரஸ்ஸல்ஸ்ல யூத மியூசியத்துல நாலு பேர் செத்தாங்களேன்னு. எங்க போய்த் தேடிப் பிடிச்சாரோ. அப்பா வழக்கம் போல பேப்பர மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டார்.

நான் அவங்க கூட சேந்து உன்னை வேலைய விடுன்னு சொல்லப் போறேன்னு நினைச்சுட்டியா? இல்ல. பயம் இருக்கு, அத மறைக்கல. ஆனா நீ போன வாரம் சொன்ன ரெண்டு விஷயம் தான் எனக்கு பயத்த விடப் பெரிசா படுது. ஒண்ணு, மியூசியத்துல பாதுகாப்பு கூடக் கூட பக்கத்துத் தெரு சீன ஜனம் உள்ள வர்றது குறையுதுன்னு சொன்ன. இன்னொண்ணு, "நான் யூதப் பொண்ணே இல்லையேம்மா, இவங்க கதைய ஊருக்குக் கொண்டு போக நான் யாரு"ன்னு கேட்ட. சித்தி சொல்றதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டாம், உனக்கு பதில் சொல்றேன்.

மொதல்ல அந்த வாசல் விஷயம். பை செக் பண்ற மேசை, முன்னாடியே பேர் பதிவு பண்ணணும், ஐடி காட்டணும், யூனிஃபார்ம்ல ஒரு ஆள். 2018 அக்டோபர்ல பிட்ஸ்பர்க்ல ஜெபம் பண்ண வந்த 11 பேர சுட்டுக் கொன்ன அப்புறம் இதெல்லாம் வேண்டாம்னு யார் சொல்ல முடியும், நானே இன்னும் ரெண்டு பேர போடுங்கன்னு தான் சொல்லுவேன். ஆனா அந்த மேசைய ஒரு சீனப் பாட்டி கண்ணால பாரு. கையில காய்கறிப் பை, இங்கிலீஷ் வராது, யூனிஃபார்ம் போட்ட ஆள் நிக்கறான். அவ எதுக்கு உள்ள வரப் போறா? மகளிர் குழு ஆரம்பிக்க நான் கிராமம் கிராமமா அலைஞ்ச காலத்துல பாத்திருக்கேன், கூட்டத்த பஞ்சாயத்து ஆபீஸ்ல போட்டா வாசப்படி தாண்டாதவங்க எல்லாம், அதே கூட்டத்த வேப்பமரத்தடில போட்டா கைக்குழந்தையத் தூக்கிட்டு வந்து மொத வரிசைல உக்காருவாங்க. பேசினது அதே பேச்சு தான்.

அதான் நான் அங்க வந்திருந்தப்ப அந்த ஜூன் மாசத் தெரு விழாவப் பாத்து அசந்து போனேன். எக் ரோல், எக் க்ரீம், எம்பனாடான்னு சாப்பாட்டுப் பேரையே விழாவுக்கு வெச்சிருக்காங்களேன்னு முதல்ல சிரிச்சேன். சீனாக்காரங்களுக்கு ஒண்ணு, யூதங்களுக்கு ஒண்ணு, போர்ட்டோ ரிக்கோகாரங்களுக்கு ஒண்ணு. எக் க்ரீம்னதும் நான் வேண்டாம்னு தள்ளி நின்னேனே ஞாபகம் இருக்கா, அப்புறம் நீ தான் சொன்ன அதுல முட்டையும் கிடையாது க்ரீமும் கிடையாது, பால், சோடா, சாக்லேட் சிரப் அவ்வளவு தான்னு. அப்புறம் ரெண்டு கிளாஸ் குடிச்சேன். (அப்பாகிட்ட ஒண்ணுன்னு தான் சொல்லிருக்கேன், சுகர்.)

அந்த எல்ட்ரிட்ஜ் தெருவே ஒரு விசித்திரம் தான். 1887ல போலந்து, ரஷ்யா பக்கத்துலேர்ந்து கையில ஒண்ணும் இல்லாம வந்த யூத ஜனங்க, இன்னிக்கு உன் மியூசியமா இருக்கற அவ்ளோ பெரிய ஜெப ஆலயத்த கட்டினாங்க, பண்டிகை நாள்ல கூட்டத்தக் கட்டுப்படுத்த போலீஸ் நிக்க வேண்டி இருந்துச்சாம். 1924ல அமெரிக்கா கதவ இறுக்கிச் சட்டம் போட்டுச்சு, புதுசா வர்றவங்க ரொம்பக் குறைஞ்சு போனாங்க, இருந்தவங்களும் வசதி வந்து வேற ஏரியாவுக்குப் போயிட்டாங்க, 1950கள்ல மேல் மண்டபத்தையே மூடிட்டு மிச்சம் இருந்த கொஞ்ச பேர் கீழ் தளத்துல தொழுதுட்டு இருந்திருக்காங்க. மேல புறா குடியிருந்துச்சுன்னு நீ சொன்ன. அப்புறம் 1986லேர்ந்து 2007 வரைக்கும் கிட்டத்தட்ட 2 கோடி டாலர் செலவு பண்ணி மீட்டிருக்காங்க, அதுக்குள்ள சுத்தி முழுக்க சீனக் கடையா ஆயிடுச்சு. உன் வேலையோட கஷ்டமே இது தான்னு எனக்கு அப்ப தான் உறைச்சது. கட்டினவங்களோட பேரப் பிள்ளைங்க எங்கேயோ இருக்காங்க, இன்னிக்கு பக்கத்து வீட்டுல இருக்கறவங்களுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஒரு பக்கம் அவங்கள திரும்பி வர வைக்கணும், இன்னொரு பக்கம் இவங்கள முதல் தடவையா உள்ள கூப்பிடணும், ரெண்டுக்கும் ஒரே ஆள் ஒரே சம்பளம்.

அந்த மரத் தரைய மறக்க முடியல, தலைமுறை தலைமுறையா ஜனங்க நின்னு ஆடி ஆடி ஜெபம் பண்ணி, கால் பட்டுப் பட்டு பலகையே பள்ளமா தேஞ்சிருக்கு. சுவர்ல ஒரு பகுதிய மட்டும் ரிப்பேர் பண்ணாம பழைய கோலத்துலயே விட்டு வெச்சிருக்காங்களே, அது யாரு யோசனையோ, நல்ல யோசனை.

சரி, விழாவுக்கு வர்றேன். ஒரு பக்கம் யூதக் கல்யாண இசை, க்ளெஸ்மர்னு சொன்னியே அது, இன்னொரு பக்கம் சீன ஓபரா, ரெண்டும் கலந்து என் காதே அடைச்சுப் போச்சு. ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது அந்த மாஜாங் மேசைகிட்ட. ஒரு யூதப் பாட்டியும் ஒரு சீனப் பாட்டியும் ஒரே மேசைல உக்காந்துட்டு முறைச்சுக்கிட்டாங்களே, நீ கூட ஓடி வந்த. சீனாவுல பிறந்த ஆட்டம், ஆனா நியூயார்க் யூதப் பொம்பளைங்க அத தங்களோடதா ஆக்கிக்கிட்டு 1937லயே ஒரு சங்கம் வெச்சு, வருஷா வருஷம் புதுசா கார்டு அச்சடிச்சு, அந்த கார்டுல இருக்கற வரிசைப்படி தான் ஆடுவாங்களாம். அந்தச் சீனப் பாட்டிக்கு கார்டாவது ஒண்ணாவது, ஜோக்கர் கட்டையப் பாத்ததும் இது என்ன கண்றாவின்னு தள்ளி விட்டாங்க. பாஷையும் கிடையாது, கட்டைய எடுத்து எடுத்துக் காட்டி சண்டை. நீ பதறிப் போய் மொழிபெயர்க்க ஆள் தேடின, எனக்குச் சிரிப்பு. ஏன்னா அந்த நாள் முழுக்க நடந்ததுல அது தான் நிஜமா நடந்தது. மத்தவங்க எல்லாம் சாப்பிட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. இந்த ரெண்டு பேருக்கும் அந்த மேசைல ஒரு பாத்தியதை இருந்துச்சு. நீ ரிப்போர்ட்ல எத்தனை பேர் வந்தாங்கன்னு எழுதுவ, ஃபண்டு குடுக்கறவங்களுக்கு அது வேணும், எழுது. ஆனா அந்தச் சண்டையையும் ஒரு பத்தி எழுது. எங்க தீர்மான நோட்டுல கூட "கூட்டத்தில் 18 பேர் கலந்துகொண்டனர்"னு தான் இருக்கும், யார் யாரை எதுத்துப் பேசினாங்கன்னு இருக்காது, குழு பிழைக்குமா பிழைக்காதான்னு அதுல தான் தெரியும்.

போலந்துல வார்சாவுல போலின்னு ஒரு யூத மியூசியம் பண்றத நீ தானே அனுப்பி வெச்ச. வருஷா வருஷம் ஏப்ரல் 19, 1943ல கெட்டோவுல, அதாவது நாஜிங்க யூதங்கள அடைச்சு வெச்ச பகுதில, அவங்க ஆயுதம் எடுத்த நாள், அன்னிக்கு வாலண்டியருங்க தெருவுல நின்னு மஞ்சள் காகிதப் பூ குடுக்கறாங்க, டாஃபடில். மாரெக் எடல்மன்னு அந்தப் போராட்டத்துல தளபதியா இருந்தவர், உயிரோட மிஞ்சினவர், அவருக்கு அந்த நாள்ல யாரோ பேர் சொல்லாம மஞ்சப் பூ அனுப்புவாங்களாம், அதுலேர்ந்து எடுத்தது. மியூசியத்துக்குள்ளயே வராத ஒருத்தர் சட்டைல அந்தப் பூ இருக்கும், ஆபீஸ்ல யாராவது இது என்னன்னு கேப்பாங்க, அவர் சொல்லுவார். அப்புறம் அந்த சக்கரத்து மேல மியூசியம், சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் வண்டில போறது. இதெல்லாம் பாக்கும்போது எனக்குத் தோணறது, உன் வாசல்ல காவல் இருக்கட்டும், நீ வாசலுக்கு வெளிய நில்லு. நோட்டீஸ சீன பாஷைலயும் அடிச்சோம்னு சந்தோஷப்பட்டியே, அத மெயில்ல அனுப்பாத, கடை கடையா நீயே கொண்டு போய்க் குடு, நூடுல்ஸ் கடைல உக்காந்து சாப்பிடு, சைவம் இருக்கான்னு கேட்டு சாப்பிடு.

பெர்லின் கதை வேற மாதிரி. 2013ல அங்க யூத மியூசியத்துல ஒரு கண்காட்சி, கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒண்ணுல ஒரு யூதர உக்கார வெச்சு, பாக்க வர்றவங்க என்ன வேணா கேக்கலாம்னு. பெரிய சண்டையாச்சு. ஜெர்மனில நிறைய பேர் ஒரு யூதரக் கூட நேர்ல பாத்ததில்ல, அந்த நெலமையத் தான் முகத்துல அடிச்ச மாதிரி காட்டினோம்னு அவங்க சொன்னாங்க, அதுல நியாயம் இருக்குன்னு உன் கட்சி. நான் ஒத்துக்க மாட்டேன். மேலதிகாரிங்க குழுவப் பாக்க வர்றப்ப நாங்க பொம்பளைங்கள ஒரே கலர் புடவைல வரிசையா உக்கார வெச்சு கேள்வி கேக்க விடுவோம், எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லுவாங்க, வண்டி கிளம்பினதும் ஒருத்தி சொன்னா, "அக்கா, அவங்ககிட்ட நாங்க எதுவும் கேக்கலையே". அதான். கேக்கறவன் ஒரு பக்கமே இருந்தா அது பேச்சு இல்ல, வேடிக்கை. நீ போடற நிகழ்ச்சில அந்தப் பக்கத்துக்கும் கேள்வி கேக்க இடம் வை.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி. கொச்சில மட்டாஞ்சேரிக்கு சின்ன வயசுல உன்னைக் கூட்டிட்டுப் போனோம், அந்த 1568ல கட்டின ஜெப ஆலயம், தரை முழுக்க சீனாவுலேர்ந்து வந்த நீல ஓடு, நீ ஒவ்வொண்ணையும் குனிஞ்சு பாத்துட்டு வெளிய வரவே மாட்டேன்ன. (கொச்சில யூதங்க காலடில சீனா, நியூயார்க்ல அவங்க ஆலயத்தச் சுத்தி சீனா, இத உன் விழாவுல எங்கயாவது சொல்லேன்.) அங்க இருந்தவங்க பெரும்பாலும் 1950களுக்கு அப்புறம் இஸ்ரேல் போயிட்டாங்க. அந்தத் தெருவுல சாரா கோஹன் பாட்டி எம்பிராய்டரி கடை வெச்சிருந்தாங்க, தொழுகைக்குப் போடற தொப்பி, ரொட்டி மூடற துணி எல்லாம் தெச்சு விப்பாங்க. 2019ல 96 வயசுல போயிட்டாங்க. கடைசி காலத்துல அவங்களையும் கடையையும் பாத்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்ப நண்பர், இப்பவும் அந்தக் கடைய அவர் தான் காப்பாத்திட்டு வர்றார். நீ யாருன்னு அவர யாரும் கேக்கல, ஏன்னா அவர் அந்த வீட்டுல சின்னப் பையனா இருந்த காலத்துலேர்ந்து வந்து போயிட்டு இருந்தவர். உனக்கு அந்த வருஷங்க இல்ல, அது உண்மை, சம்பாதிக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வு நாள் தொடங்கறப்ப உன் ஆலயத்து யூத ஜனங்க கூப்பிட்டா போ. எந்தப் பண்டிகைல எத சாப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ. எல்ட்ரிட்ஜ் தெரு ஆலயத்துல இன்னும் தொழுகை நடக்குது, கண்காட்சிப் பொருள் மட்டும் இல்ல அது, அந்த ஜனங்களுக்கு எது சொல்லலாம் எது வேண்டாம்னு அவங்க தான் சொல்லணும், நீ நோட்டுல எழுதிக்கோ. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு, "நாங்க"ன்னு பேசாத, "இவங்க"ன்னும் ரொம்ப தூரமா பேசாத.

காஸா பத்தி கேக்கறாங்கன்னு சொன்ன. ஸ்கூல் பசங்க கேக்கறாங்க, டிக்கெட் வாங்கறவங்க கேக்கறாங்க, உன் ஃப்ரெண்ட்ஸே கேக்கறாங்க. இதுல எனக்கு பெரிய அறிவுரை கிடையாது. அங்க சாகற குழந்தைங்களப் பாத்தா வயிறு எரியுது, 2023 அக்டோபர் 7ல இஸ்ரேல்ல ஹமாஸ் பண்ணது கொடூரம், ரெண்டையும் ஒரே வாயால சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனா 1887ல தையல் மிஷின் மிதிச்சு காசு சேத்து கட்டினவங்களோட கட்டடம் ஒரு அரசாங்கத்துக்கு பதில் சொல்ல வேண்டியதில்ல. கேக்கற ஸ்கூல் பையன மட்டும் அதட்டி அனுப்பாத, கொஞ்ச நேரம் குடு.

வாஷிங்டன் மியூசியத்த அந்த மாசக் கடைசிலயே திறந்துட்டாங்கன்னு அப்பா தான் படிச்சுச் சொன்னார், பேப்பருக்குப் பின்னாடிலேர்ந்து. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, ஆனா சித்தி அடுத்த தடவை வந்தப்ப "அவ வேலைய அவ பாத்துப்பா"ன்னு எழுந்து போயிட்டார். அவ்ளோ பேசினது எனக்கே ஆச்சரியம்.

எனக்காக மூணு காரியம் பண்ணு. சாயங்கால ப்ரோக்ராம் இருக்கற நாள்ல தனியா கடைசி ஆளா கதவப் பூட்டிட்டு வராத, கூட ஒருத்தர் இருக்கட்டும். பின் வாசல் எங்கன்னு வாலண்டியருங்க எல்லாருக்கும் தெரியுமான்னு கேட்டுப் பாரு, வெக்கப்படாத. வீட்டுக்கு வந்ததும் மெசேஜ் போடு, இங்க காலைல எழுந்ததும் மொத அதத் தான் பாப்பேன். வெறும் கட்டை விரல் மட்டும் போட்டா செல்லாது, ரெண்டு வார்த்தையாவது எழுது, யார் வந்தாங்க, யார் சண்டை போட்டாங்கன்னு.

பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய் ரெண்டும் எதிர் வீட்டுப் பையன்கிட்ட குடுத்து விடறேன், மாசக் கடைசில வர்றான்.

அம்மா