பவர் கார்டே இல்லாத சப்வூஃபருக்கு எந்த ஸ்விட்சைப் போடுவது?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 5.1 ஹோம் தியேட்டர் செட்டில் ரிசீவருக்குப் பொருந்தாத சப்வூஃபரை மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தீபாவளிக்கு உங்கள் 5.1 செட் வாங்கினேன். பொங்கலும் போய்விட்டது, பேஸ் சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபரில் இன்னும் ஒரு 'தும்' கூட வரவில்லை.

உங்கள் தயாரிப்பு, உங்களுக்குத் தெரியாததா? ரிசீவரின் பின்னால் சப்வூஃபருக்கு இருப்பது ப்ரீ-அவுட். அதில் வருவது வெறும் சிக்னல். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும் ஆக்டிவ் சப்வூஃபரைத்தான் அதில் மாட்ட முடியும். நீங்கள் பெட்டியில் போட்டு அனுப்பியதோ உள்ளே ஆம்ப்ளிஃபயரே இல்லாத பாசிவ். பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் கிளிப், 4 ஓம் என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். இது எப்படி ஒரே செட் ஆகும்?

ஹெல்ப்லைனில் ஒவ்வொரு தடவையும் வேறொருவர், எல்லோருக்கும் முதலிலிருந்து கதை. அதில் ஒருவர், "பவர் லைட் எரியுதா பாருங்க" என்றார். பவர் கார்டே இல்லை என்றேன். "அப்போ ஸ்விட்சைப் போடுங்க" என்கிறார்! அதுவும் இல்லை என்றதும், "இதெல்லாம் தெரிஞ்சவங்க வீட்ல யாராவது இருந்தா ஃபோனைக் குடுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தவனிடம்!

கடலூரில் உங்களுக்கு சர்வீஸ் சென்டர் இல்லையாம். பெட்டியை மடியில் வைத்து, லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்து, புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனேன். டெக்னீஷியன் சாவகாசமாகச் சாப்பிட்டு வந்து, "பில் தமிழ்நாடு சார், விழுப்புரம் போங்க" என்றார். வாரன்டி கார்டில் 'இந்தியா முழுவதும்' என்று அச்சடித்தது யார்? புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் வாரன்டி செத்துவிடுமா? போதாததற்கு, "ஃப்ரன்ட் ஸ்பீக்கர் ஒயரோட சேர்த்து முறுக்கிடுங்க" என்று இலவச யோசனை வேறு. ஃப்ரன்ட் 6 ஓம், இது 4 ஓம், இரண்டையும் அப்படிப் பேரலலில் சேர்த்தால் 2.4 ஓம்தான். குறைந்தது 6 ஓம் வேண்டும் என்று உங்கள் ரிசீவரிலேயே போட்டிருக்கிறதே! முறுக்கியிருந்தால் ஆம்ப்ளிஃபயரே புகைந்திருக்கும், அப்புறம் பழியும் என் தலையில்தான்.

அதற்கு முன்னால் கூரியரில் ப்ரீ-அவுட்டில் மாட்டும் ஒரு ஆர்.சி.ஏ. கேபிள் அனுப்பினீர்களே, வெறும் ஒயர் கிளிப் இருக்கும் சப்வூஃபரில் அதன் இன்னொரு முனையை எங்கே சொருகுவது?

பஸ், ஆட்டோ, லீவு போட்ட சம்பளம் எல்லாம் கூட்டினால் இன்னொரு செட்டே வாங்கியிருக்கலாம். பொங்கலுக்கு வந்த மச்சான் முன்னால் போன மானம் தனிக் கணக்கு.

தயவுசெய்து ஆக்டிவ் சப்வூஃபரை வீட்டுக்கே அனுப்பிவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். பத்து நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அப்போது நீங்கள்தான் பஸ் ஏறி வர வேண்டும்.

பில் நகலும் பின்பக்கப் படங்களும் இணைத்துள்ளேன். ஸ்விட்சைப் போடச் சொன்னவரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்